கோழியா, கோதுமையா, தயிரா? வயதான நாய்க்கு வீட்டுச் சமையலில் ஒவ்வாமைச் சோதனை

காதில் திரும்பத் திரும்பச் சீழ், இரவெல்லாம் பாதத்தை நக்கல், வாரத்தில் பாதி நாள் இளகிய மலம். நாய்க்கு 11 வயது, 20 கிலோ எடை, கருத்தடை செய்த பெண் நாட்டு நாய். இத்தனைக்கும் காரணம் கோழிக்கறிதான் என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடிகிறது. எட்டு வாரம் ஒரே சாப்பாடு, அதன் பிறகு பழைய பொருட்களை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்துப் பார்த்தது, இரண்டும் சேர்ந்துதான் இந்த விடையைத் தந்தன. என்ன சமைத்தோம், எவ்வளவு சமைத்தோம், எங்கே திட்டத்தை மாற்ற வேண்டியிருந்தது என்பதை வரிசையாக எழுதுகிறேன்.

அடுப்பைப் பற்றவைக்கும் முன் ரத்தமும் சிறுநீரும் பார்த்தாக வேண்டும். இளம் நாய்க்கு இதைத் தள்ளிப்போடலாம், பத்து வயதைத் தாண்டியதற்குக் கூடாது. கிரியாட்டினின், யூரியா, பாஸ்பரஸ், ஈரல் நொதிகள், தைராய்டு, சிறுநீரின் அடர்த்தி எல்லாம் பட்டியலில் இருக்கட்டும். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் கீழே உள்ள அளவுகள் பொருந்தாது, பாஸ்பரஸைக் குறைத்து வேறு கணக்குப் போட வேண்டும். கணைய அழற்சி ஒருமுறை வந்த நாய் என்றால் கொழுப்பு அளவையும் டாக்டர்தான் சொல்ல வேண்டும். உண்ணி, தெள்ளுப்பூச்சி, சொறி, காதிலும் விரலிடுக்கிலும் பூஞ்சை ஆகியவற்றையும் முதலில் தீர்த்துவிடுங்கள். தெள்ளுப்பூச்சி உடம்பில் இருக்கும்போது சாப்பாட்டை மாற்றி அரிப்பை அளப்பதில் எந்தப் பயனும் இல்லை. சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, மற்ற ஊர்களில் தோல் நோய் நன்றாகப் பார்க்கும் டாக்டரைத் தேடிப் பிடிப்பது நல்லது.

ரத்தம், எச்சில், முடி இவற்றைக் கொடுத்து "எந்த உணவு ஒத்துக்கொள்ளாது" என்று பட்டியல் வாங்கும் சோதனைகளுக்குப் பணம் கட்டாதீர்கள். உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க அவை நம்பத்தக்கவை அல்ல. அந்தப் பணத்தில் ஒரு மாதக் கறி வாங்கலாம்.

பொருளைத் தேர்ந்தது

நாய் இதுவரை வாயில் போட்ட எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுத வேண்டும். இந்த நாயின் தாளில் கோழிச் சோறு, தயிர்சாதம், பால், அவித்த முட்டை, மேரி பிஸ்கட், சப்பாத்தி, கடையில் வாங்கும் உலர் தீவனம், எப்போதாவது ஆட்டுக்குடல் என்று எல்லாம் இருந்தன. 2016-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வில் உணவு ஒவ்வாமை உறுதியான 297 நாய்களில் மாட்டிறைச்சி 34 சதவீதம், பால் பொருட்கள் 17, கோழி 15, கோதுமை 13 என்று வந்தது. நம் ஊர் நாய்களின் தட்டில் இந்த நான்கில் குறைந்தது மூன்று தினமும் விழுந்துகொண்டிருக்கின்றன.

எனவே சோதனைக்கு இதுவரை சாப்பிடாத புரதம் ஒன்று வேண்டும். ஆட்டுக்கறிதான் முதலில் நினைவுக்கு வரும். ஆனால் இந்த நாய் ஆட்டுக்குடல் ஏற்கனவே சாப்பிட்டிருக்கிறது. தவிர, மாடும் ஆடும் அசைபோடும் இனம், அவற்றின் புரதங்கள் ஒன்றையொன்று ஒத்தவை. பாலுக்கு எகிறும் உடம்பு ஆட்டுக்கறிக்கும் எகிறக்கூடும். வாத்து, காடை, வான்கோழி எல்லாம் கோழிக்குப் பங்காளிகள், அவையும் வேண்டாம். கடைசியில் மிஞ்சியவை வெண்பன்றியும் பண்ணை முயலும்தான். விலையையும் வாராவாரம் கிடைப்பதையும் பார்த்து வெண்பன்றியின் பின்தொடைக் கறி முடிவானது. பன்றிக்கறி வீட்டுக்குள் வரக்கூடாது என்ற குடும்பங்களில் முயல் சரியான மாற்று. கலோரியும் புரதமும் ஏறக்குறைய ஒன்றே என்பதால் கீழே உள்ள எடைகள் அப்படியே பொருந்தும். பண்ணை முயலாக மட்டும் இருக்கட்டும், காட்டு முயலைப் பிடிப்பது சட்டப்படி குற்றம்.

மாவுச்சத்துக்கு முதல் திட்டம் சர்க்கரைவள்ளிக்கிழங்கு மட்டும். எண்ணெய்க்கு ரீஃபைண்டு சூரியகாந்தி. மரச்செக்குக் கடலை எண்ணெய் மற்ற நேரத்தில் நல்லதுதான். ஆனால் செக்கில் ஆட்டிய எண்ணெயில் கடலைப் புரதம் கொஞ்சம் தங்கியிருக்கும், சுத்திகரித்ததில் அது கிட்டத்தட்ட இருக்காது. தேங்காய் எண்ணெயில் தோலுக்குத் தேவையான லினோலெயிக் அமிலம் மிகக் குறைவு என்பதால் அதுவும் ஒதுக்கப்பட்டது.

கலோரிக் கணக்கு

சாதாரண கால்குலேட்டர் போதும். எடையை மூன்று முறை பெருக்குங்கள்: 20 × 20 × 20 = 8000. வர்க்கமூல பட்டனை இரண்டு முறை அழுத்தினால் 9.46 வரும். அதை 70-ஆல் பெருக்கினால் 662. படுத்தே கிடந்தாலும் உடம்புக்கு வேண்டிய கலோரி இது. கருத்தடை செய்த, மெதுவாக நடமாடும் வயதான நாய்க்கு இதை 1.2 முதல் 1.4 வரை பெருக்கலாம். 1.3 வைத்தால் 860. இது தொடக்கப் புள்ளிதான், இதன் பிறகு தராசு சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

ஒரு நாளைக்கு இறுதியில் நிலைத்த அளவு, எல்லாம் சமைக்கும் முன் எடை:

வெண்பன்றித் தொடைக்கறி, வெளிக்கொழுப்பு நீக்கியது – 300 கிராம்
சர்க்கரைவள்ளிக்கிழங்கு, தோல் சீவியது – 200 கிராம்
ஜவ்வரிசி – 50 கிராம்
பரங்கிக்காய் – 50 கிராம்
ரீஃபைண்டு சூரியகாந்தி எண்ணெய் – 7 கிராம், ஒன்றரை டீஸ்பூன்
கால்சியம் கார்பனேட் தூள், உணவுத் தரம் – 2.5 கிராம்

மொத்தம் சுமார் 850 கலோரி, 66 கிராம் புரதம். வயதானதாயிற்றே என்று புரதத்தைக் குறைப்பது பல வீடுகளில் நடக்கிறது. சிறுநீரகம் நன்றாக இருக்கும் நாய்க்கு அப்படிக் குறைத்தால் முதுகெலும்பின் இருபுறமும் தொடையிலும் சதை வற்றும். ஏற்கனவே வயதால் கரையும் சதை அது. உப்பு சேர்க்கவில்லை. கறியிலும் கிழங்கிலும் இருக்கும் சோடியமே இந்த எடைக்குப் போதும்.

ஜவ்வரிசி ஏன் வந்தது என்று சொல்ல வேண்டும். முதல் திட்டத்தில் கிழங்கு 400 கிராம். கலோரி சரியாக இருந்தது, ஆனால் நார் அதிகமாகி மலம் அளவில் இரண்டு மடங்காகி, ஆரஞ்சு நிறத்தில், தரையில் ஒட்டும் அளவுக்கு இளகி வந்தது. இளகிய மலமே நோயின் ஓர் அறிகுறி என்னும்போது, கிழங்கால் வந்ததா ஒவ்வாமையால் வந்ததா என்று பிரிக்க முடியாது, சோதனையே குழம்பிவிடும். பாதிக் கிழங்கை எடுத்துவிட்டு 50 கிராம் ஜவ்வரிசி போட்டதும் கலோரி அதே இடத்தில் நின்றது, மலம் உருண்டு இறுகியது. மரவள்ளி மாவிலிருந்து செய்யும் ஜவ்வரிசி கிட்டத்தட்ட சுத்தமான மாவுச்சத்து. அதில் புரதம் இல்லாத குறைதான் இங்கே அதன் பெருமை. சேலம் பக்கத்து ஆலைகளில் இருந்து எல்லா மளிகைக் கடைக்கும் வருகிறது. வறுத்ததோ நிறம் சேர்த்ததோ வேண்டாம், வெறும் வெள்ளை ஜவ்வரிசி போதும்.

கால்சியம்

வீட்டுச் சமையல் நாய்களுக்குப் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். மேலே உள்ள கறி, கிழங்கில் இருந்து பாஸ்பரஸ் சுமார் 750 மில்லிகிராம் வருகிறது, கால்சியமோ 100 அளவில்தான். அப்படியே மாதக்கணக்கில் கொடுத்தால் உடம்பு குறையை எலும்பில் இருந்து உருவி ஈடுகட்டும். அமெரிக்க தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் 2006 பரிந்துரைப்படி வளர்ந்த நாய்க்கு 1000 கலோரிக்கு 1 கிராம் கால்சியம் வேண்டும். கால்சியம் கார்பனேட்டில் 40 சதவீதம்தான் கால்சியம், ஆக 2.5 கிராம் தூளில் 1 கிராம். சேர்த்த பின் கால்சியம்–பாஸ்பரஸ் விகிதம் ஏறத்தாழ 1.4-க்கு 1. ஒன்றுக்கு ஒன்றுக்கும் இரண்டுக்கு ஒன்றுக்கும் நடுவில் இருந்தால் சரி.

மருந்துக்கடை மாத்திரை வாங்குவோர் அட்டையின் பின்பக்கத்தை நிறுத்திப் படியுங்கள். "1250 மி.கி. கால்சியம் கார்பனேட், 500 மி.கி. கால்சியத்துக்குச் சமம்" என்று இருப்பது ஒன்று. வெறும் "கால்சியம் கார்பனேட் 500 மி.கி." என்று இருப்பது வேறு, அதில் கால்சியம் 200 மட்டுமே. அட்டையில் முன்னால் தெரியும் 500 இரண்டிலும் ஒன்றுதான், உள்ளே இருப்பது இரண்டரை மடங்கு வித்தியாசம். வீட்டில் கிடக்கும் 60,000 யூனிட் வைட்டமின் டி பொட்டலத்தைத் தொடவே கூடாது, நாய்க்கு அது நஞ்சாக முடியலாம். நாய்களுக்கென்று விற்கும் கால்சியம் சிரப்பில் பெரும்பாலும் கோழி அல்லது ஈரல் வாசனை சேர்த்திருப்பார்கள். மாட்டுத் தீவனத்தில் கலக்கும் தாது உப்பு பாஸ்பரஸையும் கூட்டிவிடும். முட்டை ஓட்டுத் தூள் நல்ல கால்சியம்தான், ஆனால் முட்டையையே சந்தேகிக்கும் எட்டு வாரத்தில் உள்தோல் ஒட்டிய ஓடு வேண்டாம்.

எடைக்கு இரண்டு தராசு தேவைப்பட்டது. சமையலறைத் தராசு 1 கிராம் துல்லியம், 400 ரூபாய். தூளுக்கு நகைத் தராசு மாதிரிச் சிறியது, 0.01 கிராம், 350 ரூபாய். 2.5 கிராமைச் சமையலறைத் தராசில் நிறுத்தால் ஒரு நாள் 2 காட்டும், மறுநாள் 3.

சமைத்த விதம்

மூன்று நாளுக்கு ஒரு தடவை: கறி 900, கிழங்கு 600, ஜவ்வரிசி 150, பரங்கி 150.

கறியைக் கடையில் கொத்திக்கொண்டு வராதீர்கள். அதே வெட்டுக்கட்டையில், அதே அரைக்கும் இயந்திரத்தில் கோழியும் போயிருக்கும். முழுத் துண்டாக வாங்கி, வீட்டில் கழுவி, ஒட்டிய வெளிக்கொழுப்பைச் சீவிவிட்டு, அதன் பிறகு நிறுக்க வேண்டும். மசாலா அரைத்த மிக்ஸி ஜாரும் வேண்டாம். ரப்பர் வளையத்தில் தங்கிய வெங்காயம், பூண்டு எந்த அளவிலும் நாய்க்கு ஆகாது. தனிக் குக்கர், தனிக் கத்தி, தனிக் கரண்டி என்று ஒதுக்கிவிட்டால் மனநிம்மதி.

கறியை 2 செ.மீ. துண்டாக்கி 300 மி.லி. தண்ணீரில் நான்கு விசில், பிறகு சிறு தீயில் 10 நிமிடம். பன்றிக்கறியில் நாடாப்புழுவின் இளம்புழுப் பை இருக்க வாய்ப்பு உண்டு, அதனால் அரைவேக்காடு கூடவே கூடாது. வெந்த துண்டைப் பிட்டால் நடுவில் இளஞ்சிவப்பு தெரியக்கூடாது. பல் விழுந்த நாய் என்றால் மத்தால் மசித்துவிடலாம். எலும்பு ஒன்றுகூட உள்ளே போகக்கூடாது, வெந்த எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும்.

ஜவ்வரிசியை மூன்று மணி நேரம் ஊறவைத்து, கறி வெந்த சாற்றிலேயே இன்னும் 400 மி.லி. தண்ணீர் சேர்த்துக் கிளற வேண்டும். மணி ஒவ்வொன்றின் நடுவிலும் முதலில் ஒரு வெள்ளைப் புள்ளி நிற்கும். அந்தப் புள்ளி மறைந்து முழு மணியும் கண்ணாடி போல ஆகும்வரை அடுப்பை அணைக்காதீர்கள். புள்ளியோடு இறக்கினால் அப்படியே மணி மணியாக மறுநாள் மலத்தில் பார்க்கலாம். அந்தக் கலோரி நாய்க்குச் சேரவில்லை என்று பொருள். கிழங்கும் பரங்கியும் தனியாக இரண்டு விசில்.

எல்லாம் கலந்து ஆறியதும் எண்ணெய் 21 கிராம். மொத்தப் பாத்திரத்தையும் நிறுத்து 6-ஆல் வகுத்தால் ஒரு வேளை அளவு. தண்ணீர் கூடக் குறைய இருந்தாலும் இந்த வகுத்தல் தவறாது. ஆறு டப்பாவில் பிரித்து, முதல் நாளுக்கு ஃபிரிட்ஜ், மற்ற நாளுக்கு ஃப்ரீசர். கால்சியத்தை மட்டும் மொத்தத்தில் கொட்டாமல், பரிமாறும்போது வேளைக்கு 1.25 கிராம் வீதம் கலந்தோம். மொத்தத்தில் கலந்தால் அடியில் தங்கி ஒரு டப்பாவில் மிகுந்து இன்னொன்றில் குறையும். குளிர்ந்த சாப்பாட்டை வயதான நாய் முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். டப்பாவை வெந்நீரில் வைத்து உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்தால் வாசனை எழும், தட்டு காலியாகும்.

பழைய சாப்பாட்டில் கால் பங்கு, அரைப் பங்கு என்று பத்து நாளில் மாற்றினோம். அந்தப் பத்து நாள் எட்டு வாரத்தில் சேராது.

வாய்க்குள் போகும் மற்றவை

சமையலைவிட இதுதான் கடினம். ஒரு மேரி பிஸ்கட்டில் கோதுமையும் பால் பொருளும் இருக்கின்றன, அது போனால் அந்த வாரக் கணக்கு பாழ். வீட்டுப் பெரியவர் காபியோடு கொடுக்கும் துண்டு, குழந்தை கீழே சிந்தும் பருப்புச்சாதம், பூனைத் தட்டு, மாட்டுக் கழுநீர்த் தொட்டி, எதிர்வீட்டுக்காரர் பாசத்தில் போடும் எலும்பு, எல்லா வழியையும் அடைக்க வேண்டும். கழுத்துப் பட்டையில் "சாப்பிட எதுவும் தராதீர்கள், மருத்துவம் நடக்கிறது" என்று துணியில் எழுதிக் கட்டியது தெருவில் நன்றாக வேலை செய்தது.

மருந்துகள் மறைவாக நுழையும் வழி. உண்ணிக்கான மெல்லும் மாத்திரை, மாதாந்தரப் பூச்சி மாத்திரை, மூட்டுவலித் துண்டுகள் பலவற்றில் இறைச்சி வாசனையோ சோயாவோ உண்டு. டாக்டரிடம் கேட்டு உண்ணிக்கு முதுகில் சொட்டும் மருந்தாக மாற்ற வேண்டும். மீன் எண்ணெய் கேப்ஸ்யூலின் உறையே ஜெலட்டின், பெரும்பாலும் மாட்டில் இருந்து எடுப்பது. மாத்திரையைப் புதைத்துக் கொடுக்க வெண்ணெய், ரொட்டி வேண்டாம், அவித்த கிழங்கு உருண்டை போதும்.

எப்படி அளந்தோம்

அரிப்புக்கு 0 முதல் 10 வரை, வீட்டில் ஒரே ஆள், ஒரே கிழமை இரவில் மதிப்பெண். காதின் உட்புறம், நான்கு பாதங்களின் அடிப்புறம், அடிவயிறு இவற்றுக்கு வாரம் ஒரு படம், அதே ஜன்னல் வெளிச்சத்தில். நக்கி நக்கிப் பாத மயிர் துருப்பிடித்த பழுப்பாகியிருக்கும். நக்கல் நின்ற பிறகும் அந்த மயிர் உதிர்ந்து புதிது முளைக்கும் வரை நிறம் போகாது. ஆகவே மயிரைப் பார்க்காமல் விரலிடுக்கைப் பிரித்துத் தோலைப் பாருங்கள். சிவந்து ஈரமாக இருந்த தோல் வெளுத்து உலர்ந்தால் அதுதான் முன்னேற்றம்.

வயிறுதான் முதலில் திருந்தியது, இரண்டாம் வாரத்தில் மலம் ஒழுங்கானது. தோல் மெதுவாகத்தான் வரும். உணவு ஒவ்வாமை உள்ள நாய்களில் ஐந்து வாரத்தில் 80 சதவீதத்துக்கு மேலும், எட்டு வாரத்தில் 90 சதவீதத்துக்கு மேலும் குணம் தெரியும் என்பது தெரிந்த கணக்கு. மூன்றாம் வாரத்தில் "பலனில்லை" என்று நிறுத்துவோர் பாதி வழியில் இறங்கிவிடுகிறார்கள். அரிப்பு மிகுந்தால் டாக்டர் தொடக்கத்தில் மருந்து கொடுக்கலாம், ஆனால் கடைசி இரண்டு வாரமாவது மருந்து இல்லாமல் பார்த்தால்தான் சாப்பாட்டின் பலன் தெரியும். இந்த நாயின் மதிப்பெண் 7-ல் இருந்து 2-க்கு இறங்கியது. எடை வாராவாரம் பார்த்தோம்: நாயைத் தூக்கிக்கொண்டு ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்தல். வாரத்துக்கு 200 கிராமுக்கு மேல் தொடர்ந்து இறங்கினால் பத்து சதவீதம் சாப்பாடு கூட்டலாம்.

திரும்பக் கொடுத்துப் பார்த்தது

குணமாகிவிட்டதே என்று இதோடு நிறுத்தினால் எதற்கு ஒவ்வாமை என்று தெரியாமலே போகும், பருவம் மாறியதால் சரியானதா என்ற சந்தேகமும் நிற்கும். முதலில் பழைய சாப்பாட்டை மொத்தமாகத் திரும்பக் கொடுத்தோம். முதல் வாரம் முடியும் முன்பே பாதம் நக்கல் தொடங்கியது. உடனே பன்றிக்கறிக்குத் திரும்பி, தோல் மறுபடி அடங்கும் வரை காத்திருந்து, பிறகு ஒவ்வொரு பொருளாக, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரம்: கோதுமைக்கு நெய்யில்லாத சப்பாத்தி ஒன்று, முட்டைக்கு அவித்தது ஒன்று, பாலுக்கு 50 மி.லி., கோழிக்கு உப்பில்லாமல் அவித்த 50 கிராம். கோதுமையும் முட்டையும் எந்தத் தொந்தரவும் தரவில்லை. பால் கொடுத்த மறுநாள் மலம் இளகியது, தோலில் ஒன்றுமில்லை. அது பால் சர்க்கரை செரிக்காததால், தயிர் கொடுத்தபோது அதுவும் இல்லை. கோழி கொடுத்ததும் காது சிவந்து சூடாகி, விரலிடுக்கு ஈரமானது. அங்கேயே நிறுத்தியாயிற்று.

செலவும் மாற்ற வேண்டியதும்

எங்கள் பக்கத்தில் கறி கிலோ 400 ரூபாய். நாளைக்குக் கறி 120, கிழங்கு 10, ஜவ்வரிசி 5, மற்றவை 5, ஆக 140 ரூபாய். மாதம் 4,200, கேஸ் தனி.

அடுத்து யாராவது தொடங்கினால் ஜவ்வரிசியை முதல் நாளில் இருந்தே சேர்க்கச் சொல்வேன். சொட்டு மருந்துக்கு மாறுவதையும் ஒரு மாதம் முன்னதாகவே முடித்துவிட வேண்டும். தீபாவளியும் பொங்கலும் குறுக்கே வராத எட்டு வாரமாகப் பார்த்துத் தொடங்குங்கள், விருந்தாளி கையை யாராலும் கட்ட முடியாது. மழைக்காலத்தில் ஈரத்தால் காதுப் பூஞ்சை தானாகவே கிளம்பும், அப்போது எடுக்கும் மதிப்பெண் ஏமாற்றும்.

இந்தச் சமையல் சோதனைக்கு மட்டும்தான், வாழ்நாளுக்கு அல்ல. அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் டேவிஸில் 2013-ல் வீட்டு நாய்ச் சமையல் குறிப்புகள் 200-ஐ ஆராய்ந்ததில் 95 சதவீதத்தில் ஏதாவது ஓர் அத்தியாவசியச் சத்து குறைந்தது. மேலே உள்ளதிலும் குறைகிறது: துத்தநாகம் நாளைக்கு 13 மில்லிகிராம் வேண்டிய இடத்தில் ஏழெட்டுதான் வருகிறது. செம்பு, மாங்கனீசு, அயோடின், வைட்டமின் டி, வைட்டமின் ஈ, கோலின் எல்லாம் போதாது. பன்றி ஈரல் போட்டால் செம்பு வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். மாட்டு ஈரலில் செம்பு நிறைய உண்டு, பன்றி ஈரலில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, வைட்டமின் ஏ மட்டும் ஏறும். எனவே கோழி தான் எதிரி என்று தெரிந்த பிறகு, கால்நடை உணவியல் படித்தவரிடம் இந்த எடைகளைக் கொடுத்து, குறையும் சத்துக்களுக்கு அளவு எழுதி வாங்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனையும் தொடரட்டும். அவர் எழுதித் தரும் சத்துத் தூளைக் கடையில் வாங்கும்போது டப்பாவைத் திருப்பி, சேர்மானப் பட்டியலின் கடைசி வரி வரை படியுங்கள். "சுவையூட்டி" என்று மட்டும் போட்டு எதன் சுவை என்று சொல்லாத டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது பெரும்பாலும் கோழி ஈரல்.